படத்தில் ஏறாத பள்ளம்

1952 ஜூன் 9, திங்கள்

துணி துவைக்கும் நாள். விரித்துப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காற்று. எல்லா விரிப்பிலும் செம்மண். மறுபடி துவைக்கத் தெம்பில்லை, உதறி மடித்து வைத்துவிட்டேன். கேட்பவர் யார்?

மத்தியானம் டென்வரிலிருந்து ஒரு சர்வேக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார். பெயர் ப்ரூவிட். எங்கள் சபைத் தலைவர் பிஷப் டட்டில்தான் இந்த வீட்டைக் காட்டி அனுப்பினாராம். "சிஸ்டர் லியோரா வீட்ல ரூம் சும்மாதான் கிடக்கு, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்பது ஊருக்கே தெரிந்திருக்கிறது. மகன் இருந்த அறையைப் பெருக்கிக் கொடுத்தேன். அவன் மோவாப் பக்கம் யுரேனியம் தோண்டப் போனதிலிருந்து அதில் உருளைக்கிழங்குதான் குடியிருக்கிறது.

ஆள் மரியாதையானவர். காபி மட்டும்தான் பிரச்சினை. எங்கள் சபையார் வீட்டில் காபி கிடையாது என்றதும், "நான் வெளியிலயே போட்டுக்கறேன் மேடம்" என்று கொல்லையில் ஒரு சின்ன அடுப்பைப் பற்றவைத்தார். வாசனை கிளம்பியதுதான் தாமதம், பக்கத்து வீட்டு தோரா வேலியோரம் வந்து நிற்கிறாள், முட்டை இருக்கிறதா என்று கேட்டு. அவள் வீட்டில் கோழி என் வீட்டைவிட அதிகம்.

ஜூன் 10

சாப்பாட்டு மேஜை போயிற்று. ப்ரூவிட் தன் நிலப்படத்தை விரித்திருக்கிறார். ஆகாய விமானத்திலிருந்து பிடித்த போட்டோக்களைப் பார்த்து வரைந்ததாம். மேலே பீடபூமி, கீழே கொலராடோ ஆறு, நடுவே உள்ள அத்தனை பள்ளத்தாக்கும் பழுப்புக் கோடுகளாக ஓடுகின்றன. செங்குத்தான பாறை வரும் இடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சீப்பில் சிக்கின முடி மாதிரி. ஒரு எழுத்துகூட இல்லை. பெயர் சேகரிப்பதுதான் ப்ரூவிட்டின் வேலையாம்.

என் வீட்டுக்காரர், இவர், சாப்பிடக்கூட உட்காரவில்லை. கண்ணாடியை மூக்கில் இழுத்துவிட்டுக்கொண்டு, விரலை வைத்து, "இது ஊத்து. இங்க ஒரு பாறை வளைவு இருக்கு, உங்க படத்துல தெரியல. இந்தப் பக்கம் ஆடு இறங்கும், மாடு இறங்காது" என்று போய்க்கொண்டே இருக்கிறார். இனி குதிரை ஏறக் கூடாது என்று ரிச்ஃபீல்டு டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் ஹீபர் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரொட்டி கருகிவிட்டது.

ஜூன் 11

இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எனக்குத்தான் புத்தியில்லை.

மாவு வாங்க ஆர்சன் கடைக்குப் போனேன். தபாலும் அவன்தான் பிரிப்பான், அதனால் கடையில் எப்போதும் நாலு பேர். ப்ரூவிட் ஒரு மூலையில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆர்சனுக்கு ஒரே உற்சாகம். "வாங்க சிஸ்டர்! உங்க வீட்டுக்காரர் பேரு கவர்மென்ட் மேப்புல வரப்போகுதாமே! எங்க தாத்தா இந்த ஊரைக் கட்டினாரு, அவர் பேருக்கு ஒரு கல்லுகூட இல்ல. ஹீபர் ஒரே ஒரு தடவை ஏமாந்தாரு, ஒரு பள்ளத்தையே தட்டிட்டுப் போயிட்டாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மாவு மூட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மீதிச் சில்லறையை வாங்கவில்லை.

அந்தப் பெயர். முதலில் இவர் பெயர், அப்புறம் ஏமாந்த என்கிற வார்த்தை, அப்புறம் பள்ளம். மூன்றையும் சேர்த்து நான் ஒருநாளும் என் வாயால் சொன்னதில்லை. இங்கேயும் சேர்த்து எழுதப் போவதில்லை.

நடந்தது 1931 குளிர்காலத் தொடக்கத்தில். எங்களுக்குக் கல்யாணமாகி முதல் வருஷம். ஊர் மாடுகளையெல்லாம் ஆற்றோரப் புல்லுக்கு ஓட்டிப் போகும் பொறுப்பு இவருக்கு. மேட்டிலிருந்து எட்டிப் பார்த்தாராம், அடியில் பச்சென்று ஒரு பள்ளத்தாக்கு, ஆறு வரைக்கும் வழி இருக்கிற மாதிரி. "வழி இருக்குடா, என் கண்ணால பாத்தேன்" என்று எல்லா மாட்டையும் உள்ளே இறக்கிவிட்டார். வழி என்று தெரிந்தது பாறை நிழல். பள்ளம் போய் ஒரு பெரிய செங்குத்தில் முடிகிறது. திரும்புவதற்குள் பின்னால் பனி அடைத்துவிட்டது. ஆட்கள் ஏறி வந்தார்கள். மாடுகள் வரவில்லை.

என் அப்பாவின் மாடுகளும் அதில்தான் இருந்தன. "பொண்ணையும் குடுத்தேன், மாட்டையும் குடுத்தேன்" என்றார் அப்பா. சாகும்வரை எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

ஜூன் 12

சாப்பாட்டின்போது நானாகவே கேட்டேன், சும்மா தெரிந்துகொள்கிற மாதிரி. ஒரு இடத்துக்குப் பெயர் எப்படி முடிவாகும்?

"வெவ்வேற ரெண்டு வீட்டார் ஒரே பேரைச் சொல்லணும் மேடம்," என்றார் ப்ரூவிட். "பேசி வச்சுக்கிட்டுச் சொல்லக் கூடாது. பேருக்கு உரியவரோ அவர் வீட்டாரோ சொன்னா அது கணக்குல வராது. அவனவன் தன் பேரைச் சொல்லிக்குவான்ல? ரெண்டு வீடு ஒத்து வரலன்னா அந்த இடம் வெறுமையாவே போயிடும்."

"அச்சுல ஏறிட்டா மாத்த முடியுமா?"

"அச்சுல ஏறிட்டா நம்ம பேரப்பிள்ளைங்களுக்கும் அதுதான் பேரு."

இவர் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசுவார், பாவம். இருதயம் இப்போது இருக்கிற நிலையில் இன்னும் எத்தனை வருஷமோ. போன பிறகும் ஏமாந்தவராகவே கிடக்க வேண்டுமா? யுரேனியம் தேடி வருகிற கண்ட கண்ட பயல்களும் படத்தில் விரலை வைத்து யாருடா இந்த முட்டாள் என்று கேட்க வேண்டுமா?

ஒரு வீடு சொல்லலாம். இரண்டாவது வீடு சொல்லக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

ஜூன் 14

காய்ந்த ஆப்பிள் போட்டு கேக் செய்து துண்டு துண்டாகத் துணியில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கால் வீங்கிவிட்டது. சாலையில் நிழல் கிடையாது. இந்த வயசில் கேக்கை எடுத்துக்கொண்டு கெஞ்சப் போகிறேனே என்று பாதி வழியில் எனக்கே வெறுப்பாக வந்தது.

தோரா கேக்கைத் தின்றுகொண்டே கேட்டாள், "சரிடி, அந்தப் பேரைச் சொல்ல வேணாம். வேற என்ன சொல்றது?"

"என்னத்தையாவது சொல்லித் தொலை. அது மட்டும் வேணாம்."

"என்னத்தையாவதுன்னா?"

"தோரா, எனக்குக் கால் வலிக்குது."

எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதையேதான் சொல்லிவிட்டு வந்தேன். ஆர்சன் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தான். "ஹீபருக்கு இது தெரியுமா சிஸ்டர்?" தெரியக் கூடாது என்றேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம் கேக்கை வாங்கிக்கொண்டான்.

ஜூன் 15, ஞாயிறு

சபை முடிந்ததும் பிஷப் டட்டிலை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். ஊரிலேயே பெரிய பண்ணை அவருடையது. அன்றைக்கு அதிகம் மாடு போனது அவர் அப்பாவுக்குத்தான், அவரை விட்டால் காரியம் நடக்காது. தொப்பியைச் சுற்றிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார்.

"பொய் சொல்லச் சொல்றீங்க சிஸ்டர்."

"ஒரு வார்த்தையைச் சொல்லாம இருங்கன்னுதான் கேக்குறேன்."

"அவர் என் மூஞ்சிக்கு நேரா கேப்பாரே. கேட்டா நான் பொய் சொல்ல முடியாது. ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்."

ஒரு பள்ளத்துக்கு ஜெபம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஜூன் 17

பிஷப்புக்குப் பதில் கிடைத்துவிட்டதாம். வேலியோரம் குதிரையை நிறுத்தி, முகமெல்லாம் வெளிச்சமாகச் சொன்னார். "இன்னையிலருந்து நான் அந்த இடத்தை எங்கப்பா பேரால டட்டில் பள்ளம்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு நாள் வாய் நிறையச் சொல்லிட்டா, அவர் கேக்கும்போது அது பொய்யில்ல பாருங்க. நான் அப்படித்தானே கூப்பிடறேன்?"

ஆம்பிளைகள் கூட்டத்தில் மற்றவர்களுக்கும் இந்த வழியையே சொல்லிக் கொடுத்திருக்கிறார். மனசாட்சிக்குப் பங்கம் வராது என்று.

ஜூன் 19

ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

பிஷப் வீட்டில் நாய்கூட டட்டில் பள்ளம் என்று குரைக்கும் போலிருக்கிறது. ஆர்சன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "தகர டப்பா பள்ளத்துப் பக்கம் மழை எப்படி?" என்று கேட்கிறான். அங்கே என்றைக்கோ ஒரு டப்பாவைப் போட்டுவிட்டு வந்தானாம். தோரா தன் செத்துப்போன கோவேறுகழுதையின் பெயரை வைத்துவிட்டாள், ஜெசபெல் பள்ளம். "ஏண்டி கழுதை பேரு?" என்றதற்கு, "அது ஒருநாளும் வழி தப்பினதில்ல" என்கிறாள்.

ஒரே பெயராகச் சொல்லுங்கள் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு சுற்று நடக்க என் கால் ஒத்துழைக்காது. போகட்டும்.

இவர் கடைக்குப் போய் வந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. சீக்கிரமே படுத்துவிட்டார்.

ஜூலை 2

ப்ரூவிட் மூட்டை கட்டுகிறார். சாயங்காலம் படத்தைச் சுருட்டும்போது தலையைச் சொறிந்தார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஊரைப் பாத்ததில்ல மேடம். மத்த இடமெல்லாம் கரெக்டா சொல்றாங்க. ஒரே ஒரு பள்ளத்துக்கு மட்டும் வீட்டுக்கு ஒரு பேரு. கோவேறுகழுதை பேருகூட வந்துச்சு."

"அப்ப என்ன போடுவீங்க?"

"ஒண்ணும் போட மாட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது. மூன்று வாரமாக வராத தூக்கம் அப்படியே வந்துவிடும் போலிருந்தது. அவர் ஜீப்பில் ஏறும்போது, "நீங்க உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைப் பத்தி ஒரு தடவை பேசிடுங்களேன்" என்றார். சரி என்றேன். பேச என்ன இருக்கிறது?

ஜூலை 24

எங்கள் சபை முன்னோர்கள் இந்த மாநிலத்துக்கு வந்து சேர்ந்த நாள். வருஷா வருஷம் போல ஊர் முழுக்கக் கூடிச் சாப்பிட்டோம். ஆட்டுக்கறி, அவரைக்காய், தோராவின் புளிக்காத ரொட்டி.

வழக்கமாகச் சாப்பிட்டு முடிந்ததும் யாராவது ஒருவன் வண்டி மேல் ஏறிக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, "வழி இருக்குடா, என் கண்ணால பாத்தேன்!" என்று இவர் மாதிரி நடிப்பான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் அந்த நேரம் பார்த்து எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன். இருபது வருஷமாக இந்த ஊரின் பாத்திரங்களை நான்தான் கழுவியிருக்கிறேன்.

இந்த வருஷம் யாரும் ஏறவில்லை. ஆர்சன் எழுந்தான், என்னைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகள் சாக்கு ஓட்டம் ஓடினார்கள், அவ்வளவுதான். பாத்திரத்தைத் தோராவிடம் விட்டுவிட்டு நான் உட்கார்ந்தே இருந்தேன்.

இவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் கலையும்வரை பெஞ்சிலேயே இருந்தார். வரும் வழியில், "இந்த வருஷம் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு" என்றார்.

ஆகஸ்ட் 3

கொட்டகையில் சேணத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"டாக்டர் உங்கிட்ட தனியா என்ன சொன்னாரு?"

"தனியா ஒண்ணும் சொல்லலையே."

"மறைக்காத லியோரா. எவ்வளவு நாள்னு சொன்னாரு?"

"ஏன் இப்படிக் கேக்குறீங்க?"

"அப்ப ஆர்சன் ஏன் என்னை ஓட்ட மாட்டேங்குறான்? நான் கடைக்குள்ள போனா எல்லாரும் மழையைப் பத்திப் பேசுறானுங்க. சாகப்போறவன்கிட்டதான் அப்படிப் பேசுவாங்க."

ஐயோ. எல்லாருக்கும் வயசாகிவிட்டது, கேலி பண்ணக் கூடத் தெம்பில்லை என்று என்னவோ பூசி மெழுகினேன். தலையாட்டினார். நம்பவில்லை.

சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன ஆகும்? உங்களுக்காகத்தான் செய்தேன் என்றால்— ஆனால் இவருக்கு அது வேண்டியிருந்ததா என்று நான் கேட்கவே இல்லையே. அந்தச் சிரிப்பில் இவரும் சேர்ந்து சிரிப்பாரே, அது வலியை மறைக்கிற சிரிப்பு என்றுதானே இத்தனை வருஷமும் நினைத்தேன். இல்லையா? இல்லை என்றால் என்ன?

களைப்பாக இருக்கிறது. அப்புறம் யோசிக்கலாம்.

1953 பிப்ரவரி 2

பனி. வேண்டாம் என்றாலும் கேட்காமல் இவர் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டு வந்தார். உதடு நீலம். வெந்நீர்ப் புட்டி வைத்தேன்.

1953 ஜூலை 24

இந்த வருஷமும் யாரும் வண்டி மேல் ஏறவில்லை. வயிறு சரியில்லை என்று இவர் பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

1953 நவம்பர் 18

ஊரில் பாதிப் பேருக்கு டட்டில் பள்ளம் வாயில் ஒட்டிக்கொண்டது. புதிதாக வந்த வாத்தியார் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறாராம். இவர் சாப்பிடுவது குறைந்துவிட்டது. என்ன சமைத்தாலும் பாதி தட்டில். நானும் பாதிதான். இரண்டு பாதியும் நாய்க்குப் போகிறது. அது மட்டும் நன்றாக இருக்கிறது.

1954 ஏப்ரல் 14

படம் வந்துவிட்டது.

ஆர்சன் கடைக்கு ஒரு கட்டே வந்திருக்கிறது, யுரேனியம் தேடுகிறவர்கள் வாங்குவார்கள் என்று. இவர் முதல் ஆளாகப் போய் ஒன்று வாங்கி வந்தார். மேஜையைத் துடைக்கச் சொன்னார். மடிப்பை நீவி நீவி விரித்தார். பச்சை, பழுப்பு, ஆற்றுக்கு நீலம். அழகாகத்தான் இருந்தது. எங்கு பார்த்தாலும் பெயர்கள். விரல் ஆற்றைப் பிடித்து மேலே வந்தது, ஊற்றைத் தாண்டிற்று, பாறை வளைவைத் தாண்டிற்று, நின்றது. அந்த இடத்தில் கோடுகள் மட்டும்தான்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி பார்த்தார்.

"என் பள்ளத்தைக் காணோம் லியோரா."

நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன்.

"ப்ரூவிட்கிட்ட நானே சொன்னேனே. நீங்க சொன்னா செல்லாது, ரெண்டு வீட்ல சொல்லணும்னாரு. ரெண்டு வீடு என்ன, இந்த ஊர்ல சொல்லாத வீடு எதுன்னு கேளுங்கன்னு சிரிச்சேன்." விரலை அந்த இடத்திலேயே வைத்திருந்தார். "ஒருத்தன்கூட சொல்லல."

அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீ கேக்கு எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போனே. நான் யாருக்கோ உடம்பு சரியில்லன்னு நெனச்சேன்."

"உங்களுக்காகத்தான்—"

"மொத வருஷம் எப்படி இருந்துச்சுன்னு நெனப்பிருக்கா உனக்கு? ஒருத்தன் என் மூஞ்சியைப் பாத்துப் பேசல. சபையில என் பெஞ்சுல எவனும் உக்காரல. அப்புறம் வசந்தத்துல ஆட்டு மயிர் கத்தரிக்கிறப்ப பெரிய டட்டில், பிஷப்போட அப்பா, எல்லார் முன்னாலயும் கேட்டாரு, இந்த வருஷம் ஆட்டை எங்கடா ஓட்டப் போற, உன் பள்ளத்துக்கான்னு. அங்கயே அதுக்கு அந்தப் பேரை வச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னைக்கு மத்தியானம் எனக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாங்க. அந்தப் பேரு சொல்லித்தான் என்னை மன்னிச்சாங்க லியோரா. வருஷா வருஷம் வண்டி மேல ஏறி மன்னிச்சாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்டே? அந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து போயிடுவ." படத்தை மடித்தார். மடிப்பு சரியாக விழவில்லை, விட்டுவிட்டார். "ஊரே சொல்லுச்சு. நீ ஒருத்திதான் சொன்னதில்ல."

ஏப்ரல் 15

பேசவில்லை. நானும்.

ஏப்ரல் 20

உண்மையை எழுதுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

இவருடைய மானத்துக்காக என்று நினைத்தேன். பாதி அதுதான். மீதிப் பாதி, அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு உள்ளே வராமல் திரும்பிப் போன அப்பா கண்ணில் வருவார். அவர் மன்னிக்கவில்லை. நானும் அவர் பெண்தானே. ஒரே வீட்டில் சோறு போட்டு, துணி துவைத்து, பிள்ளை பெற்று வளர்த்தேன். மன்னித்தேனா? அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

தோராவிடம் சொன்னேன். ஊரைப் பழையபடி கூப்பிடச் சொல்லட்டுமா என்று கேட்டாள். "இன்னொரு தடவை கேக்கு சுடணும், அவ்வளவுதானே." வேண்டாம் என்றேன். போதும்.

மே 9

காற்று. துவைத்த விரிப்பில் செம்மண்.

சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. கிராண்ட் ஜங்ஷனிலிருந்து இரண்டு பேர், யுரேனியம் தேடுகிற பெட்டியும் கையுமாக. தண்ணீர் கேட்டார்கள். இவர் முன்தாழ்வாரத்தில் நாற்காலியில், முழங்காலில் கம்பளியோடு இருந்தார். நான் வாளியில் மொண்டு கொடுத்தேன். ஒருவன் ஜீப்பின் மூக்கில் அந்தப் படத்தை விரித்து, "பெரியவரே, எல்லாத்துக்கும் பேரு போட்டிருக்கான், இது ஒண்ணுக்கு மட்டும் போடல. இதுல இறங்கினா ஆத்துக்கு வழி இருக்கா?" என்று விரலை வைத்துக் காட்டினான்.

சரியாக அதே இடம்.

இவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

வாளியைக் கீழே வைத்தேன். இருபத்திரண்டு வருஷம் சொல்லாத வார்த்தை சுலபத்தில் வருமா?

"அதுல இறங்காதீங்க," என்றேன். "வழி இருக்கிற மாதிரி தெரியும். இருக்காது. அதுக்குப் பேரு ஹீபர் ஏமாந்த பள்ளம்."

அவன் சிரித்தான். "யாரும்மா அந்த ஹீபர்?"

"இதோ உக்காந்திருக்காரே, இவர்தான். ஊர் மாடு அத்தனையையும் உள்ள ஓட்டிவிட்டுட்டு, வெறுங்கையை வீசிக்கிட்டு ஏறி வந்தாரு. எங்கப்பா மாட்டையும் சேத்துத்தான். வழி இருக்குடா, என் கண்ணால பாத்தேன்னு சொல்லிட்டு!" கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் காட்டவும் செய்தேன். நடுத்தெருவில், இந்த வயசில்.

சொல்லி முடித்த பிறகுதான் இவரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்தது. இவர் தொப்பியைக் கழற்றி அந்த இரண்டு பேருக்கும் ஒரு வணக்கம் போட்டார். முகம் கோணிக்கொண்டு போனது, கண்ணெல்லாம் ஈரம், ஆனால் சிரிப்புதான்.

"பென்சில் இருக்கா தம்பி?" என்றார். "மொதல்ல பேரை எழுதிக்க. அப்புறம் உக்காரு, நடந்ததைச் சொல்றேன்."

அவன் படத்தில் அந்த வெறுமையான இடத்தில் எழுதினான். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவவில்லை. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு இவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன். மாடுகளின் எண்ணிக்கையை இவர் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். நான் திருத்தவில்லை.